விலையின் வாலில் நின்ற பின்னம்

வாணிபத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பல்களையும் களஞ்சியங்களையும் அரசர் செய்த உடன்படிக்கைகளையும் பற்றியே பேசுவர். கடைவாசலில் தொங்கும் விலைப்பலகையைப் பற்றி எழுதுவார் சிலரே. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாங்கினர், எவ்வாறு விற்றனர், ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினர் என்பதனை அப்பலகையில் உள்ள சிறிய எண் சில வேளைகளிற் பெரிய ஏடுகளிலும் தெளிவாக உரைக்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளிற் செல்வோர் பெற்றோல் நிலையங்களின் முன்னே உயர்ந்த கம்பங்களில் விலைப்பலகைகள் நிற்பதைக் காண்பர். ஒரு கலன் பெற்றோலின் விலை 3 டொலர் 49 சதம் என்று தொலைவிலிருந்தே தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அதன் வலப்பக்கத்து மேல் மூலையில் 9/10 என்னும் பின்னம் சிறிய எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையான விலை 3 டொலர் 49 சதம் அன்று. அதனுடன் ஒரு சதத்தைப் பத்தாகப் பிளந்து, அதில் ஒன்பது கூறுகளையும் சேர்த்த தொகையே உண்மையான விலை. ஒரு சதத்தின் பத்தில் ஒன்றுக்கு அந்நாட்டு அரசாங்கம் என்றுமே நாணயம் அடித்ததில்லை. கையிற் கொடுக்கவும் முடியாது, மீதியாக வாங்கவும் முடியாது என்னும்படியான ஒரு காசை விலையில் எழுதுவது ஏன்?

நாம் இங்கே ஆராயப் புகுவது இவ்வினாவையே. இது மிகச் சிறிய விடயந்தானே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் வாங்குவோனுடைய கவனத்துக்கும் விற்போனுடைய கெட்டித்தனத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கொன்று இச்சிறு பின்னத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

முதற்கண் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு டொலர் என்னாது 99 சதம் என்றும், ஒரு பவுண் என்னாது 19 சிலிங் 11 பென்ஸ் என்றும், முழுத்தொகைக்கு ஒரு படி கீழே நின்று விலை கூறுதல் ஒரு வகை. வழக்கிலுள்ள மிகச் சிறிய நாணயத்திலும் சிறியதொரு பின்னத்தை விலையில் எழுதுதல் மற்றொரு வகை. இவை வெவ்வேறிடத்துப் பிறந்த இரண்டு ஆறுகள். அமெரிக்கப் பெற்றோல் நிலையத்தின் பலகையிலே அவை இரண்டும் கலந்து நிற்கின்றன. அவை பிறந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேரம் போய் விலைச்சீட்டு வந்தமை

பழைய காலத்துக் கடைகளிற் பொருளின்மேல் விலை எழுதப்படுவதில்லை. விலை வணிகனுடைய நாவில் இருந்தது. வந்தவருடைய உடையையும் முகத்தையும் பார்த்து அது ஏறும், இறங்கும். பேசத் தெரிந்தவன் குறைத்து வாங்குவான். பேசத் தெரியாதவன் கூட்டிக் கொடுப்பான். இங்கிலாந்திலே 17ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பார் தொடக்கிய குவேக்கர் சமயக் குழுவினர் இதனைப் பொய்யின்பாற் பட்டதென்று கருதினர். ஒரு விலையை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு விலையை வாயினாற் கூறுதல் உண்மைக்கு மாறு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, யாவர்க்கும் ஒரே விலை என்னும் முறையைத் தம் கடைகளில் நிறுத்தினர். ஒரு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றம் நேராது என்ற நம்பிக்கை பரவவே, அக்கடைகளுக்கு வாடிக்கை பெருகிற்று.

19ஆம் நூற்றாண்டின் பெருநகரங்களிலே தோன்றிய பெருங்கடைகள் இம்முறையைப் பொதுவிதியாக்கின. பாரிசில் அரிஸ்ரிட் பூசிக்கோ 1852 முதல் வளர்த்தெடுத்த போன் மார்ஷே, நியூயோர்க்கில் றோலன்ட் மேசி 1858இல் தொடங்கிய கடை, பிலடெல்பியாவில் ஜோன் வனமேக்கர் 1876இல் திறந்த பெருங்கடை ஆகியன இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. ஆயிரம் பொருள்களையும் நூற்றுக்கணக்கான பணியாளரையும் கொண்ட கடையிலே ஒவ்வொருவரும் பேரம் பேசிக்கொண்டிருத்தல் இயலாது. விலை சீட்டில் ஏறியது; யாவர்க்கும் பொதுவாயிற்று.

இது வாங்குவோர்க்கு நன்மையே. ஆனால் அதனோடு வணிகனுடைய நாவும் கட்டுண்டது. முன்பு பத்து வார்த்தை பேசி வாங்குவோனை இணங்கச் செய்தவன், இப்பொழுது ஒரு சீட்டிலே எழுதிய எண்ணைக்கொண்டே இணங்கச் செய்தல் வேண்டும். எண்ணே பேசத் தொடங்கியது அப்பொழுதுதான்.

பார்திங்கும் குண்டூசியும்

பிரித்தானியரின் பழைய நாணய முறையிலே 20 சிலிங் ஒரு பவுண். 12 பென்ஸ் ஒரு சிலிங். 4 பார்திங் ஒரு பென்னி. அக்காலத்து இங்கிலாந்தின் புடைவைக் கடைகளில் ஒரு யார் துணி ஒரு சிலிங் என்று எழுதாமல் பதினொன்றே முக்கால் பென்ஸ் என்று எழுதுவது பெருவழக்காயிற்று. குறைவது ஒரே ஒரு பார்திங். சிலிங்கின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஆனால் விலை சிலிங் என்னும் வரம்பைத் தாண்டாமல் பென்ஸ் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றது.

வாங்க வந்தவர் ஒரு சிலிங்கை நீட்டினால் ஒரு பார்திங் மீதி கொடுக்கவேண்டும். பல கடைகளிலே அக்காசுக்குப் பதிலாகத் தாளிற் குத்திய குண்டூசிகளைக் கொடுத்தனுப்பினர். விலை குறைத்ததாகவும் ஆயிற்று. மீதிக்கு இன்னொரு பண்டத்தை விற்றதாகவும் ஆயிற்று.

ஆயினும் ஒன்றை நடுநிலையோடு கூறவேண்டும். அக்காலத்தில் பார்திங் வெறுங்காசு அன்று. வறியோர் வீட்டில் அதற்கும் ஒரு பயன் இருந்தது. குண்டூசி வேண்டாம், காசே வேண்டும் என்று கேட்பவர் கையில் அது திரும்பி வரக்கூடியதாயும் இருந்தது. 1960ஆம் ஆண்டின் முடிவோடு பார்திங் செல்லுபடியற்றதாயிற்று. 1971 பெப்ரவரி 15ஆம் நாள் பிரித்தானியர் தசம முறைக்கு மாறியபோது சிலிங்கும் கணக்கிலிருந்து மறைந்தது.

நம் இலங்கையிலும், ரூபாயை 100 சதமாகப் பகுத்த முறை 1872இல் நடைமுறைக்கு வந்தபோது, கால் சதமும் அரைச் சதமும் செப்புக் காசுகளாக வழங்கின. இன்று கடைத்தெருவிலே சதத்தைக் காண்பதே அரிது. அன்று கடைக்குச் சென்ற பிள்ளையின் கையில் அரைச் சதம் மீதியாக வந்தால், அது உண்மையான கணக்கு. காசு உள்ள இடத்தில் எழுதப்படும் பின்னம் வேறு. காசு இல்லாத இடத்தில் எழுதப்படும் பின்னம் வேறு. இவ்வேற்றுமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வருவார்களாக.

காசுப்பெட்டியின் கதையும் பத்திரிகையின் கதையும்

99 சத விலை எவ்வாறு தோன்றியது என்பதற்கு அமெரிக்காவிலே இரண்டு கதைகள் பெரிதும் வழங்குகின்றன.

முதலாவது காசுப்பெட்டியின் கதை. ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரிலே மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் றிற்றி என்பார், விற்பனைப் பணம் பணியாளரின் சட்டைப்பைக்குட் செல்வதைத் தடுக்க விரும்பினார். தம் சகோதரருடன் சேர்ந்து காசுப்பதிவு இயந்திரம் ஒன்றை அமைத்து 1879இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 1884இல் ஜோன் பற்றர்சன் என்பார் அத்தொழிலை வாங்கி, நாஷனல் காஷ் றெஜிஸ்ரர் கம்பெனி என்று பெயரிட்டு, அவ்வியந்திரத்தை உலகெங்கும் பரப்பினார். பொருளின் விலை சரியாக ஒரு டொலரானால் பணியாளன் தாளை வாங்கி மடித்துத் தன் பையில் இட்டுக்கொள்ளலாம். 99 சதமானாலோ, ஒரு சதம் மீதி கொடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். பெட்டி திறந்தால் மணி ஒலிக்கும், விற்பனை பதிவாகும். இதற்காகவே முதலாளிமார் 99 சத விலையை அமைத்தனர் என்பது கதை.

இரண்டாவது பத்திரிகையின் கதை. மெல்வில் ஸ்ரோன் என்பார் 1875ஆம் ஆண்டின் இறுதியிற் சிக்காகோ நகரிலே டெய்லி நியூஸ் என்னும் பத்திரிகையைத் தோழர்களுடன் தொடங்கினார். அதன் விலை ஒரு சதம். ஆனால் சிக்காகோவிலே அப்பொழுது ஒரு சதக் காசுகள் அருமையாகவே புழங்கின. எனவே அவர் பிலடெல்பியா நாணயசாலையிலிருந்து சதங்களைப் பீப்பாய்களில் தருவித்தார் என்றும், கடைக்காரர்களைக் கொண்டு பொருள்களுக்கு 99 சதம் என்று விலையிடச் செய்தார் என்றும், மீதியாக வந்த சதம் பத்திரிகை வாங்கப் பயன்பட்டது என்றும் கூறுவர்.

இரண்டு கதைகளும் கேட்பதற்கு இனியவை. ஆனால் வரலாறு கற்போர் கதையின் இனிமையை மட்டும் நோக்கி அமைதலாகாது. காசுப்பதிவு இயந்திரம் பிறப்பதற்கு முன்னரே இங்கிலாந்திலே பதினொன்றே முக்கால் பென்ஸ் வேரூன்றிவிட்டது. முதலாளியே நின்று விற்கும் சிறு கடையிலும் இவ்விலை காணப்படுகின்றது. அங்கே ஐயுறத்தக்க பணியாளன் எவனும் இல்லை. ஆதலால் இயந்திரம் இவ்வழக்கத்தைப் பெற்ற தாய் அன்று. வளர்த்த செவிலித்தாய் எனலாம். சிக்காகோவின் சதமும் ஒரு நகரத்தில் அதற்கு ஊட்டங் கொடுத்திருக்கலாமேயன்றி, கடல் கடந்த நாடுகளில் அது இருந்தமைக்குக் காரணமாதல் இயலாது.

காசில்லாத காசு

இனி இரண்டாவது ஆற்றின் ஊற்றுக்கு வருவோம். விடுதலை பெற்ற அமெரிக்கா தனக்கென நாணய முறை வகுத்தபோது, 1786ஆம் ஆண்டுத் தீர்மானத்திலும் 1792ஆம் ஆண்டு நாணயச் சட்டத்திலும் டொலரைப் பத்தாகவும் நூறாகவும் மாத்திரமன்றி ஆயிரமாகவும் பகுத்தது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில் என்று பெயர். பத்து மில் ஒரு சதம். சட்டத்திலே மில்லுக்குப் பெயர் உண்டு. நாணயசாலையிலே அதற்கு உருவம் இல்லை. அரைச் சத நாணயங்கூட 1793 முதல் 1857 வரையே அடிக்கப்பட்டு நின்றுபோயிற்று.

உருவமில்லாத இத்தகைய கணக்கு தமிழர்க்குப் புதுமையன்று. நம் முன்னோர் இருபதில் ஒன்றை மா என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் பெயரிட்டு, திண்ணைப் பள்ளிகளில் வாய்பாடாக மனனஞ் செய்தனர். நிலத்தையும் நெல்லையும் ஒருவர்க்கும் குறையாமற் பங்கிடுவதற்கு அந்நுண்மை வேண்டியிருந்தது. மில்லும் அவ்வாறு நீதியான பங்கீட்டுக்குப் பிறந்ததே. அமெரிக்க ஊராட்சிகள் பல இன்றும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய வரியை மில் கணக்கிலேயே விதிக்கின்றன. 1930களில் விற்பனை வரி புகுத்திய சில மாநிலங்கள், சிறு பொருள் வாங்குவோரிடம் ஒரு சதம் முழுவதையும் வரியாகப் பறித்துவிடலாகாதென்று, மில் மதிப்புள்ள வில்லைகளை உலோகத்தாலும் கடதாசி அட்டையாலும் செய்து வழங்கின.

ஆகவே, பின்னத்தின் பிறப்பு வஞ்சனையில் அன்று. வாங்குவோன் கொடுக்கவேண்டியதற்கு மேல் ஒரு துளியுங் கொடாதிருக்க வேண்டுமென்ற எண்ணத்திலேயே அது பிறந்தது.

வரியோடு வந்த பின்னம்

1913 டிசம்பர் முதலாம் நாள் பிற்ஸ்பேர்க் நகரிலே கல்ப் கம்பெனி, மோட்டார் வண்டிகள் உள்ளே வந்து பெற்றோல் நிரப்பிச் செல்லத்தக்க நிலையம் ஒன்றைத் திறந்தது. அன்று ஒரு கலனின் விலை 27 சதம். அவ்விலையிற் பின்னம் இல்லை.

மோட்டார் வண்டிகள் பெருகவே நல்ல வீதிகள் வேண்டும் என்ற குரல் எழுந்தது. வீதிக்குப் பணம் வேண்டும். ஒறிகன் மாநிலம் 1919இல் கலனுக்கு ஒரு சதம் என்று முதன்முதல் வரி விதித்தது. பத்தே ஆண்டுகளில், 1929இற்குள், எல்லா மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அந்த ஆண்டிலேயே பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கியது. 1932இல் ஜனாதிபதி ஹூவரின் ஆட்சியிலே மத்திய அரசாங்கமும் கலனுக்கு ஒரு சதம் வரி விதித்தது. 1933இல் அது ஒன்றரைச் சதமாயிற்று. சதத்தின் பாதி சட்டத்தினாலேயே பெற்றோலின் விலைக்குள் வந்து சேர்ந்தது.

இவ்விடத்திலே சற்றுக் கணக்குப் பார்த்தல் வேண்டும். 1930களின் தொடக்கத்தில் ஒரு கலன் பெற்றோல் வரியுட்பட ஏறத்தாழ 18 சதம். அவ்விலையில் ஒரு சதம் என்பது நூற்றுக்கு ஐந்தரை வீதம். ஒரே சந்தியில் எதிரெதிரே இரண்டு நிலையங்கள் நிற்கும்போது, ஒன்று ஒரு சதம் கூட்டினால் வாடிக்கை முழுவதும் மறுபக்கம் போய்விடும்; ஒரு சதம் குறைத்தால் இலாபம் முழுவதும் கரைந்துவிடும். போட்டியிடுவதற்குச் சதம் மிகப் பெரிய படியாக இருந்தது. அதனிலும் சிறிய படி வேண்டியிருந்தது. அன்றைய 18 சதத்தில் பத்தில் ஒரு சதம் என்பது, இன்றைய மூன்றரை டொலர் விலையிலே ஏறத்தாழ இரண்டு சதத்துக்குச் சமம். அக்காலத்தில் அது வெறும் அலங்காரமன்று.

பெற்றோலின் இயல்பும் பின்னத்துக்கு இடங் கொடுத்தது. பாணோ சவர்க்காரமோ ஒன்று இரண்டாக விற்கப்படும்; அங்கே பத்தில் ஒரு சதத்தைக் கொடுத்து வாங்க வழியில்லை. பெற்றோலோ ஒரே வேளையிற் பத்துக் கலன், பதினைந்து கலன் என்று அளந்து ஊற்றப்படும். கலனுக்குப் பத்தில் ஒரு சதம் குறைந்தால் பத்துக் கலனில் ஒரு முழுச் சதம் மிஞ்சும். கொள்ளளவையும் பணத்தையும் தானே கணித்துக் காட்டும் பம்பிகள் 1930களிற் பரவியபின், பின்னத்தைப் பெருக்கும் வேலையும் பணியாளனுடைய தலையிலிருந்து இறங்கிற்று.

மேலும், வேறெந்தக் கடையின் விலையையும் உள்ளே சென்றுதான் அறியவேண்டும். பெற்றோலின் விலையை ஓடும் வண்டியிலிருந்தே காணலாம். வண்டியோட்டி பலகையைப் பார்ப்பது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளுக்குரிய வாதத்தை எண் ஒன்றே செய்தாகவேண்டும். 99 சதக் கடைக்காரர் கற்ற பாடம் இங்கே வந்து கலந்தது. பத்தில் ஒன்று முதலாகப் பத்தில் எட்டு வரை எழுத இடமிருந்தும், நாளடைவில் பத்தில் ஒன்பது என்பதே நிலைத்துவிட்டது. முழுச் சதத்துக்கு ஒரு படி கீழே நிற்பதும், அதே வேளையிற் கூடிய வருவாயைத் தருவதும் அதுவே.

உருளைகளின் எல்லை

இவ்வழக்கம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை 1979ஆம் ஆண்டு காட்டிற்று. ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து எண்ணெய் விலை ஏறி, பல இடங்களிலே கலன் ஒன்று ஒரு டொலரைத் தாண்டியது. பழைய பம்பிகளின் விலையுருளைகளோ 99 சதத்துக்கும் பத்தில் ஒன்பதுக்கும் மேலே காட்டவல்லன அல்ல. புதிய கருவிகள் வரும்வரை பல நிலையங்கள் அரைக் கலனின் விலையைப் பம்பியில் வைத்து, வந்த தொகையை இரட்டித்து வாங்கின. அச்சந்தர்ப்பத்திலே கருவிகளை மாற்றியவர்கள் டொலருக்கு இடம் ஒதுக்கினர். ஆனால் பத்தில் ஒன்றின் இடத்தை நீக்கினாரில்லை. 2022 ஜூன் மாதத்தில் நாட்டின் சராசரி விலை 5 டொலரைத் தாண்டியபோதும் பின்னம் தன் மூலையை விட்டு அசையவில்லை.

இது அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியதன்று. பிரித்தானியாவிலும் கனடாவிலும் கலன் போய் லீற்றர் வந்தது; விலையின் ஈற்றில் நிற்கும் பத்தில் ஒன்பது போகவில்லை. ஜேர்மனியிலும் யூரோ சதத்தின் மேலே சிறிய 9 ஏறி நிற்கின்றது.

கண்ணும் காதும்

இத்தகைய விலை மெய்யாகவே விற்பனையைக் கூட்டுகின்றதா? 1936இல் ஏலி கின்ஸ்பேர்க் என்னும் பொருளியலறிஞர், தபால் மூலம் பொருள் விற்கும் ஒரு நிறுவனம் செய்த சோதனையைப் பற்றி எழுதினார். விலைப்பட்டியலின் சில பிரதிகளில் 49, 79, 98 சதம் என்று வழக்கம்போலவும், வேறு சில பிரதிகளில் 50, 80 சதம், ஒரு டொலர் என்று முழுத்தொகையாகவும் அச்சிட்டனர். சில பொருள்கள் கூட விற்றன. சில குறைய விற்றன. திட்டமான முடிவுக்கு வர அது இடந்தரவில்லை.

அறுபதாண்டுகளின் பின், 1996இல், ஷின்ட்லர், கிபேரியன் என்போர் பெண்கள் உடைப் பட்டியல் ஒன்றிற் செய்த சோதனையிலே, 99இல் முடிந்த விலைகள் முழுத்தொகை விலைகளைக் காட்டிலும் நூற்றுக்கு 8 வீதம் கூடிய விற்பனையைத் தந்தன. 88இல் முடிந்த விலைகள் அவ்வாறு தரவில்லை. குறைந்த விலையாயிருந்தும் பயன்படவில்லை. 2003இல் அன்டர்சன், சிமெஸ்ரர் என்போர் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆடையை 34, 39, 44 டொலர் என்று மூன்று பிரதிகளில் விலையிட்டபோது, 34 டொலரினும் 39 டொலரிலேயே கூட விற்றது. வாங்குவோர் குறைந்த விலையை மட்டும் நாடவில்லை. ஒன்பதில் முடியும் விலையை மலிவின் அடையாளமாகவும் கொண்டுவிட்டனர்.

அறிஞர் கூறும் முதன்மையான காரணம் இது: எண்ணை நாம் இடப்பக்கத்திலிருந்து படிக்கின்றோம். 3.99 என்பதில் 3 முதலிற் கண்ணிற் படுகின்றது. மனம் அதனைப் பற்றிக்கொண்டு முன்னே சென்றுவிடுகின்றது. இது விலைக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்கப் பழைய வண்டிச் சந்தையில் 2 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விற்பனைகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த கட்டுரையொன்று, வண்டி ஓடிய தூரம் ஒவ்வொரு 10,000 மைல் வரம்பைத் தாண்டும்போதும் அதன் விலை 150 முதல் 200 டொலர் வரை திடீரென விழுவதைக் காட்டிற்று. 79,900 மைல் ஓடிய வண்டிக்கும் 80,100 மைல் ஓடிய வண்டிக்கும் இயந்திரத்திலே என்ன வேற்றுமை? வேற்றுமை முதல் இலக்கத்திலே உளது.

இங்கே தமிழ் எண்ணுப்பெயர்களின் இயல்பு ஒன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். எண்பதின் மேலுள்ள பத்தை நாம் ஒன்பது என்னும் சொல்லோடு பத்தைச் சேர்த்துக் கூறுவதில்லை. நூறு என்பதை உள்ளே வைத்துத் தொண்ணூறு என்கின்றோம். எண்ணூறுக்கு அடுத்ததைத் தொள்ளாயிரம் என்கின்றோம். ஆயிரம் அதிலே முன்கூட்டியே ஒலிக்கின்றது. கண்ணால் 995 என்று பார்ப்பவன் ஒன்பதைக் காண்கின்றான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து என்று வாய்விட்டுச் சொல்பவன் அடுத்து நிற்கும் ஆயிரத்தையும் தன் காதாற் கேட்கின்றான். விலையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தல் தமிழர்க்கு எளிதான ஒரு காப்பு.

பத்தில் ஒரு சதம் எவ்வளவு?

10 கலன் பெற்றோலை 3.499 டொலர் வீதம் வாங்குபவன் 34 டொலர் 99 சதம் கொடுக்கின்றான். முழுத்தொகையாக 3.50 என்றிருந்தால் 35 டொலர் கொடுத்திருப்பான். பின்னத்தினால் அவனுக்கு மிஞ்சியது ஒரு சதம். ஆனால் பலகையைப் பார்த்து 3.49 என்று எண்ணி வந்தவனுக்கு, எண்ணியதிலும் 9 சதம் கூடச் செலவாகின்றது.

ஒருவனுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் அந்நாட்டிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கோடி கலன் பெற்றோல் செலவாகின்றது. கலனுக்குப் பத்தில் ஒரு சதம் என்றாலும் நாளொன்றுக்கு 3 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். ஆண்டொன்றுக்கு 13 கோடி டொலருக்கு மேல். பத்தில் ஒன்பது முழுவதையும் விட்டுவிடுவதானால் ஆண்டுக்கு 120 கோடி டொலருக்கு மேல் விற்போர் இழக்கவேண்டும். துளி பெருவெள்ளமாகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வழக்கம் ஏன் ஒழியவில்லை என்பதும் இதனால் விளங்கும். ஒரு நிலையத்தார் மட்டும் பின்னத்தை நீக்க விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 3.50 என்று எழுதினால் எதிரே 3.49 என்ற பெரிய எழுத்தைக் கண்டவர்கள் அங்கே திரும்பிவிடுவர். 3.49 என்று குறைத்தாலோ, செலவு போகக் கலனுக்குச் சில சதமே மிஞ்சும் தொழிலில் ஏறத்தாழ ஒரு சதத்தை இழக்கவேண்டும். எல்லோரும் ஒருங்கே விட்டால் ஒருவர்க்கும் தீங்கில்லை; ஒருவர் தனியே விட்டால் அவர்க்கு மாத்திரம் தீங்கு. ஆகவே ஒருவரும் விடுவதில்லை.

இஸ்ரேல் நாடு சட்டத்தினால் இதனைத் திருத்த முயன்றது. அங்கே சிறு நாணயங்கள் ஒழிக்கப்பட்டபின், மிகச் சிறிய காசு 10 அகோரா. அப்படியிருந்தும் விலைகள் 99 அகோராவிலேயே முடிந்துகொண்டிருந்தன. கொடுக்க முடியாத காசில் விலை எழுதலாகாது என்ற விதி 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 99 மறைந்தது. அதன் இடத்தை 90 பிடித்துக்கொண்டது. ஒன்பது ஓரிடம் நகர்ந்ததேயன்றி ஒழியவில்லை.

அமெரிக்காவிலோ இன்னொரு விந்தை நிகழ்ந்துள்ளது. ஒரு சதக் காசை அடிப்பதற்கு 3 சதத்துக்கு மேற் செலவானமையால், 1793 முதல் அடிக்கப்பட்டு வந்த அந்நாணயம் நிறுத்தப்பட்டது. பொதுவழக்குக்கான இறுதிச் சதங்கள் 2025 நவம்பர் 12ஆம் நாள் பிலடெல்பியா நாணயசாலையில் அடிக்கப்பட்டன. பெற்றோற் பலகையில் மட்டும் சதத்தின் பத்தில் ஒன்பது இன்னும் நிற்கின்றது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? விலைப்பலகையிற் பொய் எழுதப்படவில்லை. பின்னமும் எழுதப்பட்டே இருக்கின்றது. படிப்பார்க்கு அது தெரியும். ஆதலால் இதனைக் களவு என்று கூறுதல் நீதியன்று. ஆனால் நாம் முழுவதையும் படிக்கமாட்டோம் என்ற நம்பிக்கையிலேயே அந்தச் சிறிய எழுத்து நிற்கின்றது என்பதையும் மறுத்தல் இயலாது.

முற்காலத்துப் பின்னம் வாங்குவோனுடைய உரிமையைக் காத்தது. பார்திங்கும் அரைச் சதமும் வறியவன் கையிலே திரும்பி வந்தன. பெருமந்த காலத்துப் பத்தில் ஒரு சதம் இரண்டு நிலையங்களுக்கிடையே உண்மையான வேற்றுமையைக் காட்டியது. பணத்தின் மதிப்பு வீழ வீழ அப்பயன் தேய்ந்தது. தோற்றம் மட்டும் எஞ்சியது. ஒரு வழக்கம் பிறந்தபோது நீதியாயிருந்தது என்பதனால் என்றும் நீதியாயிருக்கும் என்று எண்ணலாகாது. அது இன்று யாருக்குப் பயன்படுகின்றது என்று காலந்தோறும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்கள் இதிற் பயிலத்தக்க பழக்கம் ஒன்றுண்டு. விலையைப் பார்க்கும்போது முதல் இலக்கத்தோடு நின்றுவிடாது கடைசி இலக்கம் வரை படித்து, அடுத்த முழுத்தொகையை மனத்தில் வைத்துக்கொள்க. தவணைப் பத்திரமாயினும், வட்டிக் கணக்காயினும், ஒப்பந்தமாயினும், சிறிய எழுத்தில் உள்ளதை முதலிற் படிக்க. நம்முள் நாளை கடை நடத்தப் போகின்றவரும் உளர். தம் வீட்டுப் பிள்ளை வந்து வாங்கினாலும் இந்த விலைச்சீட்டை இவ்வாறே எழுதுவோமா என்று அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், ஜோர்ஜ் பொக்ஸின் தோழர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடக்கிய வேலை அவர்கள் கடையிலும் தொடர்ந்து நடக்கும்.